கேம்ஷாஃப்ட் மாற்றுவது பெரிய வேலையில்லை, அதற்கப்புறம் வரும் இருபது நிமிடம்தான்

செவர்லேயின் 350 கன அங்குல வி8 என்ஜினில் கேம்ஷாஃப்ட் ஒன்றே ஒன்றுதான். இரண்டு வரிசை சிலிண்டர்களுக்கும் நடுவில், கிராங்குக்கு நேர் மேலே, பிளாக்கின் வயிற்றுக்குள் படுத்திருக்கும். அதன் உடம்பில் 16 மேடுகள் (லோப்). ஒவ்வொரு லோபின் மேலும் ஒரு லிஃப்டர் உட்கார்ந்திருக்கும். லிஃப்டரின் மேல் புஷ் ராடு, அதற்கு மேல் ராக்கர், ராக்கரின் மறுமுனையில் வால்வு. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. லோப் மேலே வரும்போது வால்வு திறக்கும், இறங்கும்போது ஸ்பிரிங் அதை மூடும். அவ்வளவுதான் கதை.

இந்த என்ஜின் குடும்பம் 1955ல் 265 கன அங்குலமாகப் பிறந்தது. 350 என்ற அளவு 1967ல் கமாரோ காரில் வந்தது, 1969 மாடலிலிருந்து சி10 மாதிரியான பிக்கப்களுக்கும் கிடைத்தது. அமெரிக்காவில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பிக்கப்களில் ஏராளமானவற்றில் இதுதான் என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். (நம்மூர் அம்பாசிடரின் பழைய பெட்ரோல் என்ஜினிலும் கேம் பிளாக்குக்குள்தான் இருந்தது. புஷ் ராடு, ராக்கர் எல்லாம் அதிலும் உண்டு. ஆனால் சிலிண்டர் நாலுதான், டேப்பட்டுக்குள் ஹைட்ராலிக் சமாச்சாரமும் கிடையாது.)

லிஃப்டரின் அடிப்பாகம் பார்வைக்குத் தட்டையாக இருக்கும். அதனால்தான் ஃப்ளாட் டேப்பட் என்று பெயர். உண்மையில் தட்டை இல்லை. நடுவில் ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு அளவுக்குப் புடைத்திருக்கும். கேமின் லோபும் நேராக இல்லை, ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் ஒரு நூலிழை தாழ்ந்திருக்கும். லிஃப்டரின் மையமும் லோபின் மையமும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் விலகியே நிற்கும். மூன்றும் சேர்ந்தால் நடப்பது இது: கேம் சுற்றும்போது லிஃப்டர் மேலும் கீழும் போவதோடு தன் துளைக்குள் பம்பரம் மாதிரி சுற்றவும் செய்யும். சுற்றுவதால்தான் ஒரே இடம் திரும்பத் திரும்பத் தேயாமல் தப்பிக்கிறது. சுற்றாத லிஃப்டர் தன் லோபையும் அழிக்கும், தானும் அழியும்.

லோபின் அந்தச் சாய்வுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. கேமை எப்போதும் பின்பக்கமாக, பிளாக்கை நோக்கி, அது தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் இந்த என்ஜினில் கேம் முன்னால் நழுவி வராமலிருக்கத் தனியாகத் தகடு எதுவும் வைக்கவில்லை. அடியில் உருளை வைத்த ரோலர் லிஃப்டர் போடுகிறவர்களுக்கு இந்த வசதி இல்லை. அங்கே லோபில் சாய்வு கிடையாது, கேமை நிறுத்தி வைக்க வேறு ஏற்பாடு வேண்டும்.

தேய்மானத்துக்கு வருவோம். லோபின் உச்சியும் லிஃப்டரின் அடியும் தொடும் இடம் மிகச் சிறியது. ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் அந்தக் கீற்றின் மேல்தான். அங்கே எண்ணெய்ப் படலம் அடிக்கடி கிழியும். கிழியும்போது இரும்பும் இரும்பும் ஒட்டிக்கொள்ளாமல் காப்பது எண்ணெயில் கலந்திருக்கும் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு வேதிப்பொருள். அமெரிக்க மெக்கானிக்குகள் சுருக்கமாக ஸிங்க் என்றே சொல்வார்கள். சூட்டிலும் அழுத்தத்திலும் அது உலோகத்தின் மேல் ஒரு மெல்லிய பூச்சாகப் படிந்து, தான் தேய்ந்து இரும்பைக் காப்பாற்றும்.

பிரச்சினை என்னவென்றால், பாஸ்பரஸ் கேட்டலிட்டிக் கன்வெர்டருக்கு ஆகாது. 1975 மாடல் கார்களில் கன்வெர்டர் பரவலாக வந்த பிறகு எண்ணெயில் அதன் அளவு படிப்படியாகக் குறைந்தது. 2004ல் வந்த ஏபிஐ எஸ்எம் தரத்தில், 10டபிள்யூ-30 போன்ற எண்ணெய்களில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றானது. ரோலர் லிஃப்டர் போட்ட புது என்ஜினுக்கு அது தாராளம். பழைய ஃப்ளாட் டேப்பட்டுக்கு, அதிலும் புதிதாகப் போட்ட கேமுக்கு, அது போதாது. டீசல் லாரி எண்ணெய் ஊற்றினால் சரியாகிவிடும் என்று வெகுநாள் ஒரு வழக்கம் இருந்தது. 2006ல் வந்த சிஜே-4 தரத்தில் அதற்கும் 0.12 சதவீதம் என்று உச்சவரம்பு வந்துவிட்டது. இன்றைக்குப் புதுக் கேமுக்கென்றே பிரேக்-இன் எண்ணெய் தனியாக விற்கிறார்கள். அதை வாங்குவதுதான் மரியாதை. கேம் செட்டுக்குச் செலவழித்துவிட்டு எண்ணெயில் மிச்சம் பிடிக்கிறவர்களை என்னவென்று சொல்வது!

கேம் தேய்ந்துவிட்டதா என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஒரே சிலிண்டர் திரும்பத் திரும்ப மிஸ் ஆகும். பிளக் நல்லது, ஒயர் நல்லது, கம்ப்ரஷன் பார்த்தால் அதுவும் பெரிய குறை சொல்ல முடியாது. எக்சாஸ்ட் லோப் தேய்ந்திருந்தால் எரிந்த வாயு வெளியேற வழியில்லாமல் இன்டேக் வழியாகத் திரும்பி வந்து கார்புரேட்டரில் ‘பட் பட்’ என்று வெடிக்கும். ராக்கர் நட்டை எத்தனை தடவை இறுக்கினாலும் டேப்பட் சத்தம் ஒரு வாரத்தில் திரும்ப வரும். இந்த மூன்றில் இரண்டு இருந்தாலே வால்வு கவரைக் கழற்றிப் பார்த்துவிடலாம்.

பார்க்கிற முறை: ராக்கரைத் தள்ளிவிட்டு, புஷ் ராடின் நுனியில் டயல் கேஜ் வைத்து, கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். கேஜ் காட்டும் ஏற்றம்தான் லோபின் உயரம். 350ல் அதிகம் வந்த ஒரு கம்பெனி கேமுக்கு (கடைசி மூன்று இலக்கத்தை வைத்து 929 என்பார்கள்) இன்டேக் லோப் 0.260 அங்குலம், எக்சாஸ்ட் 0.273 அங்குலம். ராக்கரின் விகிதம் 1.5. பெருக்கினால் வால்வு முறையே 0.390, 0.410 அங்குலம் திறக்கும். பதினாறில் பதினைந்து லோப் இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் நின்று, ஒன்று மட்டும் 0.150 காட்டினால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை. டயல் கேஜ் கையில் இல்லையென்றால் என்ஜினை ஓடவிட்டு ராக்கர்களைப் பார்த்தாலே போதும். ஒன்று மட்டும் சோம்பேறியாக அசைந்துகொண்டிருக்கும்.

புதுக் கேமோடு பழைய லிஃப்டரைப் போடவே கூடாது. பழைய லிஃப்டர் தன் பழைய லோபோடு சேர்ந்து தேய்ந்து பழகிப்போனது. அதன் அடியில் அந்தப் புடைப்பு இப்போது இருக்காது. சில சமயம் குழியே விழுந்திருக்கும். அதைப் புது லோப் மேல் உட்கார வைத்தால் சுற்றாது. சுற்றாவிட்டால் என்ன ஆகும் என்று மேலேயே பார்த்தாயிற்று. பதினாறும் புதிதாக வாங்க வேண்டும். கூடவே டைமிங் செயினும் இரண்டு கியர்களும். 1960களின் கடைசியிலிருந்து ஜிஎம் பல என்ஜின்களில் கேம் கியரை அலுமினியத்தில் செய்து பற்களுக்கு நைலான் போட்டது, சத்தம் குறையட்டும் என்று. ஐம்பது வருஷச் சூட்டில் அந்த நைலான் பொரிந்து, உடைந்து, எண்ணெய்த் தொட்டியில் போய் பம்பின் வலையை அடைத்துக்கொள்ளும். கவரைத் திறக்கும்போது அதைப் பார்த்தால் திரும்ப மாட்ட நினைக்கவே வேண்டாம். முழு இரும்பில் இரட்டை வரிசை செயின் செட் மலிவாகவே கிடைக்கிறது.

எந்தக் கேம் வாங்குவது? பிக்கப் என்பது சுமை இழுக்கிற வண்டி. அதற்கு 1,500 முதல் 4,000 ஆர்பிஎம் வரைக்கும்தான் வேலை. 0.050 அங்குலத் தூக்கலில் அளக்கும் டியூரேஷன் (வால்வு திறந்திருக்கும் அளவு) 205, 210 டிகிரி சுற்றுவட்டாரத்தில் இருந்தால் இழுவையும் நன்றாக இருக்கும், பிரேக் பூஸ்டருக்கு வேக்குவமும் கிடைக்கும். ஆனால் ஐடிலில் ‘தடக் தடக்’ என்று குதிக்கிற சத்தத்துக்கு ஆசைப்பட்டு ரேஸ் கேம் போடுகிறவர்கள்தான் அதிகம். 1970களின் 350ல் கம்ப்ரஷன் விகிதம் பெரும்பாலும் எட்டரையைத் தாண்டாது. அதில் பெரிய கேம் போட்டால் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை செத்துப்போகும், பிரேக் மிதி கல்லாகும், பெட்ரோல் மட்டும் தாராளமாகக் குடிக்கும். சத்தம் அருமையாகத்தான் இருக்கும், அதை மறுப்பதற்கில்லை.

பிரிக்கும் வேலை. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, ரேடியேட்டர் தண்ணீரையும், முடிந்தால் பிளாக்கின் இரண்டு பக்கத்துத் தண்ணீரையும் வடித்துவிட வேண்டும். ஃபேன், ரேடியேட்டர், வாட்டர் பம்ப் வெளியே. கேம் முன்பக்கமாக, படுக்கை வாக்கில் வெளியே வர வேண்டும். அதற்கு வழியில்லாவிட்டால் கிரில்லும் கழல வேண்டியதுதான். ஏசி வைத்த வண்டியில் கண்டென்சரும் குறுக்கே நிற்கும்.

டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்குவதற்கு முன் நம்பர் 1 சிலிண்டரை ஃபயரிங் நிலைக்குக் கொண்டுவந்து, ரோட்டர் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று ஃபயர்வாலில் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு கார்புரேட்டரோடு சேர்த்து இன்டேக் மேனிஃபோல்டைத் தூக்கலாம். (வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் என்றால் முதுகைக் காப்பாற்ற இரண்டு பேர் தேவை.) தூக்கும்போது மிச்சமிருக்கிற தண்ணீர் கொஞ்சம் லிஃப்டர் பள்ளத்தில் கொட்டும். கொட்டட்டும், எண்ணெயை எப்படியும் மாற்றப்போகிறோம். ஆனால் பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது பள்ளத்தைத் துணியால் நிரப்பி மூடிவிட வேண்டும். அங்கே விழும் துகள் நேராக எண்ணெய்த் தொட்டிக்குத்தான் போகும்.

ராக்கர் நட்டுகளைத் தளர்த்தி, புஷ் ராடுகளை உருவி, ஓர் அட்டையில் 16 ஓட்டை போட்டு வரிசையாகச் சொருகி வைப்பது பழைய வழக்கம். நல்ல வழக்கம். ராக்கரும் அதன் பந்தும் எந்த இடத்திலிருந்து வந்ததோ அந்த இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும், ஏனென்றால் அவை ஜோடியாகத் தேய்ந்தவை. புஷ் ராடுகளைக் கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தால் வளைந்தது தெரிந்துவிடும்.

லிஃப்டர்களில்தான் பொறுமை சோதிக்கப்படும். பாதி, விரலால் பிடித்து இழுத்தாலே வரும். மீதி வராது. லிஃப்டரின் கீழ்ப்பகுதியில், துளைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், வருஷக்கணக்கில் காய்ந்த எண்ணெய் அரக்காகப் படிந்திருக்கும். கார்புரேட்டர் கிளீனரை அடித்து ஊறவிட்டு, திருகித் திருகி மேலும் கீழும் ஆட்டினால் கொஞ்சம் கொஞ்சமாக வழிவிடும். அப்படியும் வரவில்லையென்றால் அது அரக்கு இல்லை, லிஃப்டரின் அடியே நசுங்கிக் காளான் குடை மாதிரி விரிந்துவிட்டது என்று அர்த்தம். அதை மேலே இழுத்தால் துளையின் சுவரைக் கீறிக்கொண்டே வரும். கீறிய துளையில் புது லிஃப்டர் சுற்றாது. அப்படிப்பட்டதைக் கேமை எடுக்கும் அளவுக்கு உயர்த்தி நிறுத்திவிட்டு, கேம் வெளியே வந்த பிறகு கீழ்வழியாகத்தான் இறக்க வேண்டும். அதற்கு எண்ணெய்த் தொட்டியையும் இறக்க வேண்டியிருக்கும். வேலை இரண்டு மடங்காகும். பரவாயில்லை, பிளாக் தப்பிக்கும்.

முன்பக்கம் ஹார்மானிக் பேலன்சர். இதற்கு நடுவில் போல்ட் போட்டு இழுக்கும் புல்லர்தான் சரி. மூன்று கால் புல்லரை வெளி வளையத்தில் மாட்டி இழுத்தால் உள்ளே ஒட்டியிருக்கும் ரப்பர் பிய்ந்துபோகும். ரப்பர் நழுவினால் டைமிங் கோடும் நழுவும், அப்புறம் டைமிங் லைட் காட்டுவதெல்லாம் பொய். அடுத்தது டைமிங் கவர். அதன் அடி விளிம்பு எண்ணெய்த் தொட்டியின் முன் சீல் மேல் உட்கார்ந்திருப்பதால், தொட்டியின் முன் போல்ட்டுகளைத் தளர்த்திக் கொஞ்சம் இறக்கிவிட்டால் கவர் வம்பு பண்ணாமல் வரும்.

கேம் கியரின் மூன்று போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால் ஃபியூவல் பம்பையும், அதைத் தள்ளும் கம்பியையும் எடுத்துவிட வேண்டும். அந்தக் கம்பி கேமின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அது கீழே இறங்கி நிற்கும்போது கேமை இழுத்தால் வராது. ஏன் வரவில்லை என்று தெரியாமல் சுத்தியலைத் தேடப் போகிறவர்கள் உண்டு.

கியர் கழன்ற துளைகளில் நீளமான மூன்று போல்ட்டுகளைப் போட்டால் கேமுக்கு ஒரு கைப்பிடி கிடைத்துவிடும். இனி ஒரு கையை முன்னாலும் ஒரு கையை லிஃப்டர் பள்ளத்தின் வழியாகவும் கொடுத்து, எடை எந்த பேரிங்கின் மேலும் விழாமல் தாங்கி, லேசாகச் சுற்றிக்கொண்டே வெளியே இழுக்க வேண்டும். ஐந்து பேரிங்குகள். மிருதுவான உலோகம். லோபின் விளிம்பு கூர்மை. ஒரு இடிபட்டால் கீறல். கீறல் ஆழமாக இருந்தால் பேரிங் மாற்ற வேண்டும். அதற்குத் தனிக் கருவியும் பழகின கையும் தேவை, பெரும்பாலும் என்ஜினையே வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

வெளியே வந்த பழைய கேமைக் கொஞ்ச நேரம் பார்ப்பது நல்லது. நல்ல லோபில் லிஃப்டர் ஓடிய தடம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். தேயத் தொடங்கிய லோபில் தடம் முழு அகலத்துக்கும் பரவியிருக்கும், விளிம்பில் நகம் மாட்டும். முழுதாகப் போனதில் மேடே இருக்காது, உருண்டைக் கம்பியாகிவிட்டிருக்கும். போன அந்த இரும்பெல்லாம் எங்கே என்று கேட்டால், எண்ணெயில். ஃபில்டர் பிடித்தது போக மீதி மெயின் பேரிங், ராடு பேரிங் எல்லாவற்றிலும் பொதிந்திருக்கும். எண்ணெய்த் தொட்டியில் வெள்ளி மினுமினுப்பு தென்பட்டால் கேம் மட்டும் மாற்றுவதால் பிரயோஜனமில்லை. முழு என்ஜினையும் பிரித்துக் கழுவுவதுதான் நேர்மையான யோசனை.

புது லிஃப்டர்களைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். இரண்டை எடுத்து அடியும் அடியும் தொடும்படி ஒட்டவைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். இரண்டும் புடைத்திருந்தால் ஓரத்தில் மெல்லிய வெளிச்சக் கீற்று தெரியும், விரலால் அழுத்தினால் ஒன்றின் மேல் ஒன்று ஆடும். ஆடாமல் பச்சென்று ஒட்டினால் அவை தட்டை. திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொன்றும் தன் துளையில் சொந்த எடையில் இறங்குகிறதா, விரலால் சுற்றினால் சுற்றுகிறதா என்றும் பார்த்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

கேமோடு ஒரு சின்ன டியூபில் கருப்பாக மாலி பேஸ்ட் வரும். அது லோபுகளுக்கும், லிஃப்டரின் அடிக்கும், கேமின் பின்பகுதியில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றும் கியருக்கும். தாராளமாகத் தடவலாம். லிஃப்டரின் பக்கவாட்டில் தடவக் கூடாது, அங்கே வெறும் எண்ணெய்தான். பேஸ்ட் தடவினால் லிஃப்டர் துளைக்குள் சுற்றத் தயங்கும். பேரிங் ஓடும் இடங்களுக்கும் எண்ணெய் போதும். தடவிய பிறகு என்ஜினை நாள்கணக்கில் போட்டு வைப்பதும், கிராங்கைச் சும்மா சும்மா சுற்றிப் பார்ப்பதும் வேண்டாம். பேஸ்ட் துடைக்கப்பட்டுக்கொண்டே போகும்.

எடுத்தது போலவேதான் உள்ளே விடுவதும், இன்னும் மெதுவாக. உள்ளே போன கேம் கையால் சுற்றினால் வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். அடுத்தது செயின். கேம் கியரை மாட்டும்போது சுத்தியல் கூடவே கூடாது. தட்டினால் கேம் பின்னால் போய், பிளாக்கின் பின்புறம் அடைத்திருக்கும் தகட்டு மூடியைத் தள்ளிவிடும். கியர்பாக்ஸ் பக்கம் எண்ணெய் ஒழுகத் தொடங்கினால் பின் மெயின் சீல் மேல் பழி விழும், பாவம் அதற்கு ஒன்றும் தெரியாது. போல்ட்டுகளைச் சிறிது சிறிதாக இறுக்கிக் கியரை இழுத்து உட்கார வைத்து, கடைசியில் 20 அடி-பவுண்டு முறுக்கினால் சரி.

கியர்களில் புள்ளிகள் இருக்கும். கிராங்க் கியரின் புள்ளி 12 மணி நிலையிலும், கேம் கியரின் புள்ளி 6 மணி நிலையிலும், ஒன்றையொன்று பார்த்து நிற்க வேண்டும். இந்த நிலையில் ஃபயரிங்குக்குத் தயாராக நிற்பது நம்பர் 1 இல்லை, நம்பர் 6. கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றி, இரண்டு புள்ளியும் 12 மணிக்கு வந்தால்தான் நம்பர் 1. இது தெரியாமல் புள்ளிகள் நேருக்கு நேர் நிற்கும்போதே டிஸ்ட்ரிபியூட்டரை நம்பர் 1க்கு வைத்து மாட்டுகிறவர்கள் ஏராளம். என்ஜின் கார்புரேட்டர் வழியாக நெருப்பைத் துப்பும், ஸ்டார்ட் ஆகாது. சாதாரண நாளில் இது ஒரு சிரிப்புச் சமாச்சாரம். புதுக் கேமில் அப்படியில்லை. ஸ்டார்ட்டர் வேகத்தில் சுற்றச் சுற்ற லோபின் மேலிருந்த பேஸ்ட் போய்க்கொண்டிருக்கும்.

லிஃப்டர்களைச் சுத்தமான எண்ணெயில் முக்கித் துளைகளில் இறக்கிவிட்டு, புஷ் ராடு, ராக்கர் எல்லாம் மாட்டியபின் நட் சரிசெய்வது. ஹைட்ராலிக் லிஃப்டருக்குள் ஒரு பிளஞ்சர் ஸ்பிரிங்கின் மேல் நிற்கும். அதைக் கொஞ்சம் அழுத்தி வைப்பதுதான் பிரிலோட். நம்பர் 1 ஃபயரிங் நிலையில் வைத்தால் எக்சாஸ்ட் 1, 3, 4, 8, இன்டேக் 1, 2, 5, 7 ஆகிய வால்வுகளைச் சரிசெய்யலாம். கிராங்கை ஒரு சுற்று சுற்றி நம்பர் 6க்கு வந்தால் மீதி எட்டு. செவர்லேயின் பழைய ஷாப் மேனுவல் முறை இதுதான். கம்பெனி கேமுக்குச் சரியாக வரும்.

நட்டை இறக்கிக்கொண்டே புஷ் ராடை இரண்டு விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் நின்ற கணம்தான் பூஜ்யம். புஷ் ராடைச் சுற்றிப் பார்த்து, சுற்றக் கஷ்டமானதும் பூஜ்யம் என்று சொல்லிக்கொடுப்பது வழக்கம். புது லிஃப்டரின் பிளஞ்சர் மிருதுவாக இருப்பதால் அந்த முறையில் பூஜ்யத்தைத் தாண்டி வெகுதூரம் போய்விடும். பூஜ்யத்திலிருந்து அரைச் சுற்று இறுக்கினால் நட் சுமார் 0.02 அங்குலம் இறங்கும், அது போதும். மேனுவல் ஒரு முழுச் சுற்று என்கிறது. அதுவும் தப்பில்லை, ஆனால் தெருவில் ஓடும் வண்டிக்கு அரை முதல் முக்கால் வரை என்பதே இன்று பரவலான வழக்கம்.

இன்டேக் கேஸ்கட்டோடு முன்னும் பின்னும் வைக்க ரப்பர் அல்லது கார்க் பட்டை வரும். அதைக் குப்பையில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் தடியாக ஒரு கோடு சிலிக்கான் போடுவது நல்லது. பட்டை இறுக்கும்போது பிதுங்கி நழுவும், எண்ணெய் ஒழுகும். மேனிஃபோல்ட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று தவணையில் 30 அடி-பவுண்டுக்கு இறுக்கினால் முடிந்தது. பேலன்சரைத் திருகி இழுத்து மாட்டும் கருவி வாடகைக்கும் கிடைக்கிறது. அதையும் சுத்தியலால் அடித்து ஏற்ற வேண்டாம்.

டிஸ்ட்ரிபியூட்டர் போடுவதற்கு முன், அதன் துளை வழியாக எண்ணெய் பம்பை டிரில் மெஷினால் சுற்ற வேண்டும். வெறும் கம்பியை விட்டுச் சுற்றினால் முழுப் பலன் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பும் எண்ணெய்ப் பாதையின் ஒரு சுவர். ஆகவே, கியரை நீக்கிய பழைய டிஸ்ட்ரிபியூட்டரை வைத்துக் கடிகார திசையில் சுற்றுவார்கள். எண்ணெய் பிடித்ததும் டிரில் திணறும், கேஜ் ஏறும். ஒரு ஆள் டிரில்லைப் பிடிக்க, இன்னொருவர் கிராங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினால் பதினாறு ராக்கரிலும் எண்ணெய் வழிவது கண்ணுக்குத் தெரியும். பிறகு நிஜ டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கலாம். கடைசிக் கால் அங்குலம் இறங்க மறுத்தால், பம்பின் தண்டு அதன் காடியில் உட்காரவில்லை என்று அர்த்தம். கிளாம்ப்பைப் போட்டு அழுத்தக் கூடாது. நீள ஸ்குரூடிரைவரால் தண்டைக் கொஞ்சம் திருப்பிவிட்டால் தானாக விழும்.

இதுவரை செய்ததெல்லாம் அடுத்து வரும் இருபது நிமிடத்துக்காக.

லோபுகளுக்கென்று தனி எண்ணெய்க் குழாய் எதுவும் இந்த என்ஜினில் இல்லை. சுற்றும் கிராங்க் வீசி எறியும் எண்ணெய்தான் அவற்றின் மேல் பெரும்பாலும் விழுகிறது. ஐடிலில் கிராங்க் 600 சுற்று, கேம் அதில் பாதி. வீச்சு போதாது. அதே நேரம் ஸ்பிரிங்கின் அழுத்தம் முழுசாக லோபின் மூக்கில். அதனால் புதுக் கேம் போட்ட என்ஜின் ஸ்டார்ட் ஆன நொடியிலிருந்து 2,000க்கும் 2,500க்கும் நடுவில்தான் ஓட வேண்டும். 20 நிமிடம் குறைந்தபட்சம், 30 என்றால் நிம்மதி. ஆர்பிஎம்மை ஒரே இடத்தில் நிறுத்தாமல் மேலும் கீழும் மாற்றிக்கொண்டிருந்தால் எண்ணெய் வெவ்வேறு இடங்களில் விழும். கார்புரேட்டரைச் சரிசெய்கிறேன், ஐடில் கேட்கிறேன் என்று வேகத்தை இறக்கினால் கேம் போச்சு.

இரட்டை ஸ்பிரிங் போட்ட தலை என்றால் உள் ஸ்பிரிங்கை இந்த ஓட்டத்துக்கு மட்டும் கழற்றி வைப்பார்கள். கம்பெனி ஸ்பிரிங் மூடிய நிலையில் 80 பவுண்டு சுற்றுவட்டாரம்தான், அதைத் தொட வேண்டாம்.

சாவியைத் திருப்பினால் உடனே பிடிக்க வேண்டும். அதற்காக: கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் முன்கூட்டியே ஊற்றியிருக்க வேண்டும். டைமிங்கை 10 டிகிரி போலக் கணக்காக வைத்திருக்க வேண்டும். தாமதமான டைமிங்கில் எக்சாஸ்ட் குழாய் சிவந்துபோகும், தண்ணீர் கொதிக்கும். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். ரேடியேட்டர் நிரம்பியிருக்க வேண்டும். அதன் முன்னால் ஒரு பெரிய மேஜை ஃபேன் வைத்தால் இன்னும் நல்லது. வண்டி நிற்கிறது, காற்று வராது. வெட்டவெளியில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கையெட்டும் தூரத்தில் தீயணைப்பான்.

ஒருவர் கேஜ்களைப் பார்க்க, ஒருவர் ஒழுகலைப் பார்க்க. ஒழுகல் பெரிதென்றால் என்ஜினை நிறுத்திவிட வேண்டும், ஐடிலுக்கு இறக்கி ஆராயக் கூடாது. சரிசெய்தபின் ஸ்டார்ட் செய்து நேராகப் பழையபடி 2,000க்கு. நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம், விட்ட இடத்திலிருந்து. ஆரம்பத்தில் சில லிஃப்டர் சத்தம் போடும். உள்ளே காற்று இருக்கிறது, சில நிமிடத்தில் அடங்கும். பத்து நிமிடம் கழிந்தும் ஒன்று மட்டும் தட்டிக்கொண்டே இருந்தால் அதன் மேல் கண் இருக்கட்டும். பழைய வால்வு கவர் ஒன்றின் மேற்பகுதியை அறுத்து மாட்டி ஓட்டுகிறவர்கள் புஷ் ராடுகளைக் கண்ணால் பார்ப்பார்கள். மார்க்கர் பேனாவால் போட்ட கோடு சுற்றிக்கொண்டிருந்தால் லிஃப்டரும் சுற்றுகிறது.

ஓட்டம் முடிந்து ஆறியதும் எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். வடித்த எண்ணெய் கருப்பாக, கொஞ்சம் சாம்பல் பூத்தது போல இருக்கும். அது பேஸ்ட். ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்து, காந்தத்தால் ஒரு தடவு தடவினால் உண்மை தெரியும். மை போலப் பொடி ஒட்டினால் சகஜம். ஊசி ஊசியாக, விரலில் உறுத்துகிற மாதிரி வந்தால் ஒரு லோப் போய்க்கொண்டிருக்கிறது. உடனே நிறுத்தி டயல் கேஜ் வைத்து ஒவ்வொன்றாக அளப்பதுதான் மலிவான வழி. எல்லாம் சரியென்றால் கழற்றி வைத்த உள் ஸ்பிரிங்குகளைத் திரும்பப் போட்டு, ஸிங்க் போதுமான எண்ணெயை ஊற்றி, டைமிங் லைட்டை வைத்து டிஸ்ட்ரிபியூட்டரை இறுதியாக இறுக்கலாம். இப்போதுதான் ஐடில் திருகுக்கு வேலை. 500 மைல் போனதும் இன்னொரு தடவை எண்ணெய் மாற்றி, வால்வு கவரைக் கழற்றி நட்டுகளைச் சரிபார்த்துவிட்டால் பிக்கப்பில் சுமை ஏற்றலாம்.